திபெத்தியச் செம்மறிகள் உயரத்தைத் தாங்குவது எப்படி? தாழ்நிலக் கிடாவைக் கலந்தால் என்ன ஆகும்?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. 4,000 மீட்டருக்கு மேல் திபெத்தியச் செம்மறிகள் மூச்சு முட்டாமல் மேய்வதற்கு எந்த மரபணு காரணம்? அந்த மரபணுவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தாலோ, உடல் பெருத்த தாழ்நில இனக் கிடாவைக் கலந்தாலோ மந்தை மேம்படுமா? அங்கே ஆடுகள் எதனால் நோயுற்றுச் சாகின்றன?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை. இரத்தம், நுரையீரல், வயிறு, சினைக்காலம் எல்லாம் சேர்ந்து மாறியதன் விளைவுதான் இந்த ஆடு. பீடபூமியில் பிறந்து வளர்ந்த திபெத்திய ஆடு உயரத்தால் சாவது அரிது. அதைக் கொல்பவை குளிர்காலப் பசி, ஈன்ற முதல் நாளின் குளிர், புழு, நச்சுச்செடி, தொற்றுநோய். மரபணுவைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்.

4,500 மீட்டர் உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம், 4,500 மீட்டரில் ஏறத்தாழ 435. மூச்சுக்குழாயில் ஈரம் சேர்ந்தபின் ஆக்சிஜனின் அழுத்தம் கீழே 150 என்றால் மேலே 80 சொச்சம். இந்தப் பாதி அழுத்தத்தை வைத்துக்கொண்டு ஆடு நாள் முழுக்க நடக்க வேண்டும், மேய வேண்டும், கருவைச் சுமக்க வேண்டும், -30 டிகிரி வரை இறங்கும் இரவுகளில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

இரத்தத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மனிதனின் சிவப்பணுவில் டிபிஜி என்ற பாஸ்பேட் சேர்மம், ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுவது என்பதைக் கூட்டிக் குறைக்கும். செம்மறி, வெள்ளாடு, மாடு ஆகியவற்றின் வளர்ந்த சிவப்பணுவில் டிபிஜி மிகக் குறைவு. இருக்கிற அளவுக்கும் அவற்றின் ஹீமோகுளோபின் பெரிதாக மசிவதில்லை. ஆகவே எந்த வகை ஹீமோகுளோபினோடு பிறந்தது என்பது செம்மறிக்கு மிக முக்கியம். செம்மறிகளில் ஏ, பி என இரண்டு பொதுவான வகைகள் உண்டு. ஏ வகை, ஆக்சிஜன் அழுத்தம் 30 மி.மீ.க்கு அருகில் இருக்கும்போதே பாதி நிரம்பிவிடும். பி வகைக்கு 40-ஐ ஒட்டிய அழுத்தம் தேவை. மெல்லிய காற்றில் ஏ வகைக்கு ஆதாயம். ஏ வகை மரபணுத் தொகுதி உள்ள ஆடுகளுக்கு இன்னொரு கையிருப்பும் இருக்கிறது. குட்டிப் பருவத்தில் சிறிது காலமும், கடும் இரத்தசோகை வரும்போதும் அவை சி என்ற மூன்றாம் வகையை உற்பத்தி செய்யும். பி வகைத் தொகுதியில் அந்தச் சி மரபணுவே இல்லை. இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் புழுவை ஏ வகை ஆடுகள் ஓரளவு நன்றாகத் தாங்குகின்றன என்று பல இனங்களில் பதிவாகியிருக்கிறது.

அதே பீடபூமியில் வாழும் சிரு என்ற திபெத்திய மறிமான் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில், வளர்ந்த பருவத்துக்குரியதையே அது இழந்துவிட்டது. குட்டிப் பருவ ஹீமோகுளோபினை ஆயுள் முழுக்க உற்பத்தி செய்கிறது. அதனால் அதன் இரத்தம் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறது.

மனிதர்களுக்கான விரல்நுனி ஆக்சிமீட்டரை ஆட்டின் நாக்கிலோ காதிலோ மாட்டிப் பார்த்துவிட்டு, எண் குறைவாக இருக்கிறதே என்று பயப்படுபவர்கள் உண்டு. மனித ஹீமோகுளோபின் 27 மி.மீ. அளவிலேயே பாதி நிரம்பும். செம்மறியின் நிலை வேறு என்பதால், அதே ஆக்சிஜன் அழுத்தத்தில் செம்மறியின் அளவீடு இயல்பாகவே குறைவாகத்தான் காட்டும். மனித அளவுகோலை அங்கே வைக்கக் கூடாது. ஒரே மந்தையில் ஒரே உயரத்தில் நிற்கும் ஆடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் பொருளுள்ளது.

திபெத்தியச் செம்மறியின் ஹீமோகுளோபின் எங்கிருந்து வந்தது என்பது இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 2019-ல் வெளியான மரபணுத்தொகை ஆய்வின்படி, செம்மறிகள் ஏறத்தாழ 3,100 ஆண்டுகளுக்கு முன் வட சீனாவிலிருந்து பீடபூமியின் வடகிழக்குக்கும், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து தென்மேற்குக்கும் மனிதர்களோடு சேர்ந்து போயிருக்கின்றன. தலைமுறைக்கு மூன்று ஆண்டு என்று கணக்கிட்டாலும் ஆயிரத்தைச் சுற்றிய தலைமுறைகள்தான். பயனுள்ள புதிய மரபணு மாற்றம் தானாகத் தோன்றி, மந்தை முழுக்கப் பரவ இது மிகக் குறுகிய காலம். ஆனால் அங்கே ஏற்கெனவே ஆர்காலி என்ற காட்டுச் செம்மறி வாழ்ந்துகொண்டிருந்தது. ஆர்காலிக்கு 56 குரோமோசோம், வீட்டுச் செம்மறிக்கு 54. எண்ணிக்கை வேறானாலும் கலப்புக் குட்டிகள் இனப்பெருக்கம் செய்யக் கூடியவை. இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டதால் வந்த வேறுபாடுதான் அது. அந்தக் கலப்பின் வழியே பீட்டா குளோபின் பகுதி ஆர்காலியிடமிருந்து திபெத்தியச் செம்மறிக்குள் வந்து, இயற்கைத் தேர்வால் நிலைத்துவிட்டது.

இதே வழியில்தான் திபெத்திய மக்களின் ஈபாஸ்-1 மரபணு வடிவம் அழிந்துபோன டெனிசோவன் மனிதர்களிடமிருந்தும், திபெத்திய மாஸ்டிஃப் நாயின் உயரத் தகவமைப்பு சாம்பல்நிற ஓநாயிடமிருந்தும் வந்தன. புதிதாக மேலேறிய இனம், முன்பே அங்கு பழகிய உறவினத்திடம் கடன் வாங்கியிருக்கிறது.

ஈபாஸ்-1 செம்மறியிலும் முக்கியம். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பில் ஹிஃப் என்ற புரதக் குடும்பம் சிதையாமல் தங்கி, சிறுநீரகத்தை எரித்ரோபாய்ட்டின் சுரக்க வைத்து, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். ஈபாஸ்-1 அந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினரை உருவாக்கும் மரபணு. 2016-ல் வந்த மரபணுத்தொகை ஆய்வில் திபெத்தியச் செம்மறிகளில் இயற்கைத் தேர்வின் வலுவான தடம் கிடைத்த மரபணு இடங்களில் இது முன்னணியில் இருந்தது. அதன் வடிவங்கள் சிவப்பணுவில் அடங்கும் ஹீமோகுளோபின் செறிவோடும் தொடர்பு காட்டின. சிவப்பணு கூடக் கூட நல்லது என்று நினைப்பது தவறு. ஒரு கட்டத்துக்கு மேல் இரத்தம் கெட்டிப்பட்டு, இதயம் அதைத் தள்ளுவதே பெரும்பாடாகிவிடும். தேவையான அளவு ஏறி, அங்கே நிற்பதுதான் தகவமைப்பு.

இரத்தம் எடுத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. செம்மறியின் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கும். துரத்திப் பிடித்தால் அது சுருங்கி, சேமிப்பை இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணு விழுக்காடு உண்மையைவிடக் கணிசமாக உயர்ந்து தெரியும். ஆட்டைப் பட்டியில் அடைத்து, அமைதியாக நிற்க விட்டு, பிறகு கழுத்து நாளத்தில் எடுங்கள். பொதுவாகச் செம்மறிக்கு 27 முதல் 45 விழுக்காடு இயல்பு. உயரத்தில் மேல்பாதியில் இருந்தால் வியப்பில்லை. அங்கே 25-க்குக் கீழே வந்தால் அது உயரத்தின் வேலை அல்ல. புழுவையும் தாதுக் குறைவையும் தேடுங்கள்.

நுரையீரலுக்கு வருவோம். ஆக்சிஜன் குறைந்த நுரையீரல் பகுதியில் இரத்தக்குழாய் சுருங்குவது பாலூட்டிகளின் பொது இயல்பு. கீழே, நுரையீரலின் ஒரு மூலை மட்டும் அடைபட்டால் இது நன்மை. மேலே, நுரையீரல் முழுக்கவும் ஆக்சிஜன் குறைவு என்பதால் எல்லாக் குழாய்களும் ஒன்றாகச் சுருங்கும். வலப்பக்க இதயம் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பெருத்து, ஒரு நாள் தோற்கும். தாழ்நில மாடுகளை மேலே கொண்டுபோனால் நெஞ்சுத்தாடை வீங்கிச் சாவது இதனால்தான். மாட்டுக்கு நுரையீரல் தமனியின் தசைச்சுவர் தடிப்பு. செம்மறிக்கு இயல்பிலேயே மெலிவு, சுருக்கமும் குறைவு. ஆகவே செம்மறி என்ற இனமே மேலேறுவதற்கு மாட்டைவிடப் பொருத்தமான உடம்போடு தொடங்கியது. திபெத்தியச் செம்மறி அதற்கு மேலும் தன்னைத் திருத்திக்கொண்டது.

இப்போது கலப்பினக் கேள்வி. சஃபோக், டெக்செல், டார்பர் போன்ற இறைச்சி இனக் கிடாக்களைத் திபெத்தியப் பெட்டைகளோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டி வேகமாக வளரும். அதைப் பார்த்துத்தான் ஆசை வருகிறது. அந்தக் குட்டி ஒவ்வொரு தகவமைப்பு மரபணுவிலும் ஒரு பிரதியை மட்டுமே தாயிடமிருந்து வாங்கியிருக்கும். அதை மறுபடி தாழ்நிலக் கிடாவோடு சேர்த்தால் மீதியும் பாதியாகும். பீட்டா குளோபினும் ஈபாஸ்-1-உம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்தாலும் பயன் குறைவு, ஏனென்றால் தேர்வின் தடம் கிடைத்திருக்கும் மற்ற பல மரபணு இடங்களும், சிறு சிறு விளைவுடைய இன்னும் பலவும் அந்தச் சோதனையில் அகப்படாது. மரபணுச் சோதனையை விற்க வருபவர்களிடம் இதைக் கேளுங்கள்.

லாசாவுக்கு வடக்கே பெங்போ பகுதியில் அரைமென்கம்பளி இனம் ஒன்றைக் கலப்பின் வழி உருவாக்கியிருக்கிறார்கள். முடியாத காரியம் இல்லை. ஆனால் பல பத்தாண்டுகள் பதிவேடு வைத்து, உயரத்திலேயே பிறக்க விட்டு, தாங்காதவற்றைக் கழித்து வந்த வேலை அது. தனி மேய்ப்பரின் மந்தையில் ஓரிரு ஆண்டில் நடக்காது.

இறைச்சிக்காகக் கலக்கத்தான் வேண்டும் என்றால், முதல் தலைமுறையோடு நிறுத்துங்கள். மந்தையின் ஒரு பகுதிப் பெட்டைகளை மட்டும் கலப்புக்கு விடுங்கள், மீதியைத் தூய கிடாவுக்கே விடுங்கள். பிறந்த கலப்புக் குட்டிகள் அனைத்தையும், பெட்டை உட்பட, முதல் குளிர்காலத்துக்கு முன் கீழ்ப் பள்ளத்தாக்குக்கு இறக்கியோ விற்றோ விடுங்கள். அழகாக இருக்கிறது என்று ஒரு கலப்புப் பெட்டையை இனப்பெருக்கத்துக்கு நிறுத்துவதில்தான் சீரழிவு தொடங்குகிறது. முதல் ஈற்றுப் பெட்டைகளைப் பெருந்தலை இனங்களுக்கு விட வேண்டாம். ஈற்றில் குட்டி சிக்கிக்கொள்ளும்.

தாழ்நிலக் கிடாவை நேராக 4,000 மீட்டருக்கு ஏற்றி, அடுத்த வாரமே இனச்சேர்க்கைக்கு விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கிடாவின் விந்தணு உருவாக ஏறத்தாழ 49 நாள், விந்தக நாளத்தில் முதிர்ந்து வெளிவர இன்னும் இரண்டு வாரம். மேலே வந்த அதிர்ச்சியில் கெட்டுப்போன விந்தணு இரண்டு மாதம் கழித்துதான் முழுமையாக மாறும். 3,000 மீட்டர் அளவில் சில வாரம் நிறுத்தி, பிறகு மேலேற்றி, இரண்டு மாதம் கடந்து விந்தைச் சோதித்தபின் விடுங்கள். உறைவிந்து வாங்கி வேலையைச் சுலபமாக்கலாம் என்று தோன்றும். செம்மறியின் கருப்பைக் கழுத்து மடிப்பு மடிப்பாக வளைந்தது. ஊசிக்குழல் உள்ளே போகாது. உறைவிந்தை வாயிலில் விட்டால் சினைபிடிப்பது குறைவு. லேப்பராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் குழாய்) வழியே கருப்பைக்குள் விட்டால்தான் நல்ல பலன். அதற்கு ஆளும் கருவியும் மேலே வேண்டும்.

கலப்பைவிட எளிதில் பலன் தருவது, தூய மந்தைக்குள் உள்ளினக் கலப்பை, அதாவது தந்தை மகளோடு சேர்வது போன்ற நெருங்கிய உறவுக் கலப்பைத் தடுப்பது. திபெத்தியப் பெட்டை ஒன்றரை வயதில்தான் முதன்முதலாகக் கிடாவுக்குப் போகும். இந்த இலையுதிர் காலத்தில் விட்ட கிடாவின் பெண்குட்டி வரும் வசந்தத்தில் பிறந்து, அதற்கடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பருவத்துக்கு வந்து நிற்கும். எனவே ஒரு கிடா ஒரு மந்தையில் இரண்டு பருவம் மட்டும் இருக்கட்டும். மூன்றாம் பருவத்துக்கு முன் வேறு மந்தையோடு மாற்றிக்கொள்ளுங்கள். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும்.

குளிர்காலம்தான் இந்த ஆட்டின் உண்மையான சோதனை. கோப்ரேசியா புல்வெளி பச்சையாக இருப்பது ஆண்டில் நான்கைந்து மாதம். மற்ற மாதங்களில் காய்ந்த புல்லில் புரதம் மிகக் குறைந்துவிடும். கோடையில் ஏற்றிய எடையில் பெரும் பங்கை ஆடு வசந்தத்துக்குள் இழந்து நிற்கும். இங்கும் வயிறு பழகியிருக்கிறது. 2016-ல் யாக் மாட்டையும் திபெத்தியச் செம்மறியையும் தாழ்நில மாடு, செம்மறிகளோடு ஒப்பிட்ட ஆய்வில், உயர்நில விலங்குகளின் அசைவயிற்று நுண்ணுயிரிகள் மீத்தேனைக் குறைவாகவும், உடம்புக்கு எரிபொருளாகும் கொழுப்பு அமிலங்களை அதிகமாகவும் உண்டாக்கின. அசைவயிற்றிலேயே தனித்தனியாக இரண்டு இனங்களும் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் எந்தத் தகவமைப்பும் வெறும் வயிற்றை நிரப்பாது. சினையின் கடைசி ஆறு வாரம் மேய்ச்சலுக்கு மேல் ஓட்ஸ் வைக்கோலும் 150 முதல் 300 கிராம் அடர்தீவனமும் கொடுங்கள். பார்லியை முதல் நாளே முழு அளவில் கொட்டினால் அசைவயிறு புளித்துப் போகும், துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோயும் வரும். 50 கிராமில் தொடங்கி பத்துப் பன்னிரண்டு நாளில் ஏற்றுங்கள். துள்ளுமாரித் தடுப்பூசியை முதன்முறை என்றால் மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஆண்டுதோறும் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு ஒரு முறை போட்டால், சீம்பால் வழியே குட்டிக்கும் பாதுகாப்புக் கிடைக்கும்.

குட்டி ஒன்றே ஒன்றுதான் பெரும்பாலும் பிறக்கும். அதை இழந்தால் அந்தத் தாயின் ஆண்டு வீண். ஆறு மணி நேரத்துக்குள் கிலோ எடைக்கு 50 மி.லி. சீம்பால், முதல் நாளில் மொத்தம் கிலோவுக்கு 200 மி.லி. உள்ளே போயிருக்க வேண்டும். தொப்புளை அயோடினில் நனையுங்கள். சோர்ந்து கிடக்கும் குட்டிக்கு வெப்பமானி வையுங்கள். 39 டிகிரிக்கு மேல் இயல்பு. 37-க்கும் 39-க்கும் இடையில் என்றால் துடைத்து உலர்த்தி, குழாய் வழியே சீம்பால் கொடுத்து, காற்றில்லாத இடத்தில் வையுங்கள். 37-க்குக் கீழே இறங்கி, பிறந்து ஐந்து மணி நேரமும் கடந்துவிட்டது என்றால் உடனே அடுப்பருகே கொண்டுபோகக் கூடாது. அந்தக் குட்டியின் பழுப்புக் கொழுப்பும் இரத்தச் சர்க்கரையும் தீர்ந்துபோயிருக்கும். சூடேற்றினால் மூளைக்குச் சர்க்கரை போதாமல் வலிப்பு வந்து செத்துவிடும். முதலில் 20 விழுக்காடு குளுக்கோஸ் கரைசலை உடல்வெப்பத்துக்குச் சூடாக்கி, கிலோவுக்கு 10 மி.லி. வீதம் வயிற்றுக்குழிக்குள் ஊசியால் செலுத்த வேண்டும், பிறகே சூடேற்ற வேண்டும். ஊசியைத் தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே, அரை அங்குலம் பக்கவாட்டில், வாலெலும்பை நோக்கிச் சாய்த்துக் குத்துவது வழக்கம். முதல் முறை கால்நடை மருத்துவர் கையால் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வசந்தத்தின் தொடக்கத்தில் வேறு எதுவும் முளைக்காதபோது பச்சையாக நிற்பவை ஆக்சிட்ரோபிஸ், அஸ்ட்ரகலஸ் வகைச் செடிகள். செடிக்குள் வாழும் பூஞ்சை ஒன்று ஸ்வைன்சோனின் என்ற நஞ்சை உருவாக்குகிறது. அது செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதியை முடக்குவதால் நரம்புச் செல்கள் குமிழ் குமிழாக உப்பும். தலை நடுங்கும், பின்னங்கால் தள்ளாடும், பெட்டை கருக்கலைக்கும். தொடக்கத்திலேயே அந்த மேய்ச்சல் நிலத்தை விட்டு ஓட்டிவிட்டால் தேறும். வாரக்கணக்கில் தின்ற பிறகு நரம்புச் சேதம் முழுக்கத் திரும்பாது. பசித்த ஆடுதான் இதைத் தின்னத் தொடங்கும். காலையில் கொஞ்சம் வைக்கோல் போட்டு அனுப்புவதே முதல் தடுப்பு.

செலினியம் குறைந்த நிலத்துக் குட்டிகள் தசை வெளுத்து, எழ முடியாமல் விழும். சோடியம் செலினைட் கிலோவுக்கு 0.1 மி.கி. போதும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதால், ஊசியும் செலினியம் கலந்த நக்குக்கட்டியும் ஒரே நேரத்தில் வேண்டாம். மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்குப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து கொல்லும். குடற்புழுவுக்கும் நுரையீரல் புழுவுக்கும் ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி.; அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் தவிருங்கள், கரு ஊனப்படும்.

நீர்க்கட்டி நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மேய்ப்பர் குடும்பங்களையே அழிக்கிறது. திபெத்தியப் பீடபூமி இந்நோய் உலகில் மிகக் கடுமையாக இருக்கும் பகுதிகளில் ஒன்று. நாயின் குடலில் நாடாப்புழு. அதன் முட்டை புல்லில். செம்மறியின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி. அறுத்தபின் எறிந்த நுரையீரலைத் தின்ற நாய்க்கு மறுபடி புழு. மனிதனுக்கும் முட்டை வழியே கட்டி வரும். ஆட்டின் வயது ஏற ஏறக் கட்டிகளும் முதிர்ந்து, நாய்க்குத் தொற்றக்கூடிய புழுத் தலைகள் அவற்றில் நிறையும். உயிர்விடுதலை நேர்ந்து, அதாவது அறுப்பதில்லை என்று நேர்ந்து, கிழப்பருவம் வரை வைத்திருக்கும் ஆடுகளும், கொல்லப்படாத தெருநாய்களும் அங்கே பண்பாட்டின் பகுதி. அதை மதித்தே வழி தேட வேண்டும். அப்படிப்பட்ட ஆடு இறந்தால் நாய்க்கு எட்டாமல் ஆழப் புதைப்பது, அறுத்த ஈரல் நுரையீரலை அரை மணி நேரம் கொதிக்க வைத்தபின்பே நாய்க்குப் போடுவது என்பவை எவருடைய நம்பிக்கைக்கும் எதிரானவை அல்ல. நாய்க்கு மாதம் ஒரு முறை பிராசிகுவாண்டெல் கிலோவுக்கு 5 மி.கி. மாதம் ஒரு முறை என்பதற்குக் காரணம் உண்டு: புழு நாயின் குடலில் முதிர்ந்து முட்டையிட ஆறேழு வாரம் ஆகும், அதற்குள் கொன்றுவிட்டால் நிலத்தில் முட்டையே விழாது. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டி வைத்து, மலத்தை எரித்துவிடுங்கள். குளிர்ந்த மண்ணில் முட்டை ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆட்டுக்குட்டிகளுக்கு இந்நோய்க்கான ஈஜி95 தடுப்பூசி ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஆண்டுக்கொரு முறை.

ஆட்டுக்கொல்லி நோய் சீனாவில் முதன்முதலாக 2007-ல் திபெத்தின் மேற்கிலுள்ள ஙாரி பகுதியில்தான் பதிவானது. பரல் என்ற நீலச்செம்மறிகளும் மடிந்தன. புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் நான்கும் சேர்ந்து வந்தால் மேய்ச்சலை நிறுத்தி, உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். நைஜீரியா 75/1 தடுப்பூசி ஒரே முறை போட்டால் மூன்று ஆண்டு வரை காக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி பிடிக்காது. நான்கு மாதம் நிறைந்தபின் போடுங்கள்.